ஆயிரம் டாலர் தூண்டிற்கோலும் இருநூறு டாலர் தூண்டிற்கோலும்

அமெரிக்காவில் ஃப்ளை ஃபிஷிங் பொருள்கள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், ஒரே நீளமும் ஒரே எண்ணும் கொண்ட இரு கோல்கள் ஒரே தாங்கியில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டும் 9 அடி நீளம், இரண்டும் நான்கு துண்டுகளாகக் கழற்றக்கூடியவை, இரண்டும் கார்பன் இழையால் ஆனவை. ஆனால் ஒன்றின் விலை 200 டாலரை ஒட்டியும் மற்றதன் விலை 1,000 டாலரைத் தாண்டியும் இருக்கும். ஐந்து மடங்கு விலைக்கு ஐந்து மடங்கு தரம் கிடைக்கிறதா என்றால், கிடைக்கவில்லை என்றே சொல்வேன். அதற்காகக் கூடுதல் பணம் முழுவதும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தப் பணம் எதற்காக வாங்கப்படுகிறது என்று தெரிந்து, அது தாம் மீன் பிடிக்கும் நீருக்குத் தேவைதானா என்று பார்த்து வாங்குபவருக்கு மட்டுமே அது பலன் தருகிறது. கொலராடோவின் சவுத் பிளாட் ஆற்றில் ட்ரவுட் மீனுக்காகப் பல நிறுவனங்களின் கோல்களைச் சொந்தமாகவும் இரவலாகவும் வீசிப் பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எல்லா நிறுவனங்களும் தம் திறமையைக் காட்டும் அளவு 9 அடி, 5ஆம் எண் கோல் (இந்த எண், கோலுக்கு ஏற்ற தூண்டிற்கயிற்றின் எடையைக் குறிப்பது) என்பதால் அதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

இதில் புதியவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழுகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த செயற்கைப் பூச்சிக்கு எடையே கிடையாது எனலாம். ஆகவே லைன் எனப்படும் தூண்டிற்கயிற்றுக்கே எடை கொடுத்திருக்கிறார்கள். கோல் பின்னோக்கி வளைந்து நிமிரும்போது அந்த லைன் சுருளாக விரிந்து முன்னே ஓடி, நுனியில் கட்டிய பூச்சியை நீரின்மேல் இறக்குகிறது. எனவே கோலைத் தனியாக மதிப்பிட முடியாது. எந்த லைனோடு, எத்தனை அடி தூரத்துக்கு என்பதைச் சேர்த்தே பேச வேண்டும். விலை அட்டையைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லைனுக்கு 1961 முதல் ஒரு பொது அளவு இருக்கிறது. லைனின் முதல் 30 அடியின் எடையைக் கிரெய்ன் கணக்கில் நிறுத்து எண் கொடுக்கிறார்கள்: 5ஆம் எண் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம்; 6ஆம் எண் 160 கிரெய்ன்; 8ஆம் எண் 210 கிரெய்ன். ஆனால் கோலுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. தம் கோல் எந்த லைனுக்கு ஏற்றது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்து அச்சிடுகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் கோல்கள் மேலும் மேலும் விறைப்பாகிவிட்டதால், 5 என்று எழுதப்பட்ட பல கோல்கள் உண்மையில் 6ஆம் எண் லைன் போட்டால்தான் ஒழுங்காக வளைகின்றன. லைன் நிறுவனங்களும் இதைப் புரிந்துகொண்டு, பொது அளவைவிட அரை எண்ணோ ஒரு முழு எண்ணோ கூடுதலான எடையில் லைன் தயாரித்து அதன்மேல் 5 என்றே அச்சிடுகின்றன. ரியோ நிறுவனத்தின் 'கிராண்ட்' என்ற லைன் வெளிப்படையாகவே ஒரு முழு எண் கூடுதல் எடை கொண்டது. சேஜ் கோல்களும் ரியோ லைன்களும் ஃபார் பேங்க் என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தம் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். 80 அல்லது 100 டாலர் கொடுத்து வாங்கும் லைன் தவறிவிட்டால் 1,000 டாலர் கோலும் கட்டையாகத்தான் தோன்றும். லைன் பொருந்திவிட்டால் 200 டாலர் கோல் வியக்க வைக்கும்.

நிறுவனங்கள் சொல்வதை நம்பாமல் நாமே அளந்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வில்லியம் ஹன்னமன் என்பவர் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தை எடைக்கல்லாக வைத்து அந்த முறையை வகுத்தார். 1982க்குப் பிறகு அச்சான ஒரு சென்ட் நாணயம் ஒவ்வொன்றும் 2.5 கிராம் இருக்கும். கோலின் கைப்பிடியைச் சுவரோடு ஒட்டிய ஒரு மேசையில் கிடைமட்டமாக இறுக்கிக் கட்டிவிட்டு, நுனியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கும்வரை நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 9 அடிக் கோலென்றால் நுனி 3 அடி இறங்க வேண்டும். நாணயங்களின் எண்ணிக்கை கோலின் உண்மையான வலிமையைக் காட்டும். அந்த நிலையில் நுனி கிடைமட்டத்தோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது அது எங்கே வளைகிறது என்பதைக் காட்டும். கோணம் 66 பாகைக்கு மேல் என்றால் நுனிப்பகுதி மட்டுமே வளையும் வேகமான கோல். 59க்குக் கீழே என்றால் கைப்பிடிவரை வளையும் மெதுவான கோல். இடையில் இருப்பவை நடுத்தரம். ஒரு மாலை வேளையில் முடித்துவிடக்கூடிய இந்தச் சோதனையை இரண்டு மூன்று கோல்களுக்குச் செய்து பார்த்தாலே, மேலே அச்சிட்ட எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கிவிடும். வீசும்போது கையில் எவ்வளவு கனமாக உணர்கிறோம் என்பதை மட்டும் இம்முறை சொல்லாது. விலையுயர்ந்த கோல்கள் தம்மை நிரூபிப்பது அந்த இடத்தில்தான் என்பதால், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கோல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அது எளிதில் புரியும். பிசின் ஊறிய கார்பன் துணியைக் கொடி போன்ற வடிவில் வெட்டி, நுனியை நோக்கி மெலிந்து செல்லும் எஃகு உருளையில் இறுக்கிச் சுற்றி, மேலே நாடாவால் வரிந்து, அடுப்பில் சுட்டு, பிறகு உருளையை உருவி எடுக்கிறார்கள். துணியின் தரம், பிசினின் அளவு, உருளை மெலியும் விதம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கோலின் குணம். முழுக் கோலின் எடையே கைப்பிடி, லைன் சுற்றும் ரீலைப் பொருத்தும் பகுதி எல்லாம் சேர்த்து 75 முதல் 100 கிராம்வரைதான். ஆகவே தராசில் இரு கோல்களுக்கிடையே பெரிய வேறுபாடு வந்துவிடாது. வேறுபாடு, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. நுனித் துண்டில் ஒன்றிரண்டு கிராம் குறைந்தால்கூட, நாள் முழுவதும் வீசும் மணிக்கட்டு அதை உணரும். நுனி கனமாக இருந்தால் கோல் நிமிர்ந்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருக்கும், அந்த நடுக்கம் லைனில் அலையாக ஓடும். மேல்தட்டுக் கோல் ஒன்றை வாங்கும்போது நாம் முதன்மையாக வாங்குவது இந்த நடுக்கமின்மையைத்தான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பயன் 50 அடிக்கு மேல் வீசும்போதும் காற்றை எதிர்த்து வீசும்போதும்தான் தெளிவாகத் தெரிகிறது. ட்ரவுட் மீன்களில் பெரும்பாலானவை 20 முதல் 40 அடிக்குள் பிடிபடுபவை.

இனி நிறுவனங்களுக்கு வருவோம். ஆர்விஸ் 1856இல் வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டர் ஊரில் தொடங்கப்பட்டது. தன் உயர்வகைக் கோல்களை இன்றும் அதே ஊரில்தான் செய்கிறது. விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை ஆராய விரும்புபவருக்கு இதைவிட வசதியான நிறுவனம் இல்லை, ஏனென்றால் ஒரே பெயரின்கீழ் மூன்று படிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் தயாராகும் கிளியர்வாட்டர் சுமார் 250 டாலர். வெர்மான்ட்டில் தயாராகும் ரீகான் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. 2024இல் புதுப்பிக்கப்பட்ட ஹீலியோஸ் 1,000 டாலருக்கு மேல். இவற்றை ஒரே லைனோடு, ஒரே புல்வெளியில், ஒன்றன்பின் ஒன்றாக வீசினால் நிலைமை விளங்கும். 30 அடியில் கிளியர்வாட்டருக்கும் ஹீலியோஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிய கை உணரும், ஆனால் நீரில் விழும் பூச்சி உணர்த்தாது. 45 அடியில் ஹீலியோஸின் லைன் குறிவைத்த கோட்டைவிட்டு விலகாமல் செல்வது கண்ணுக்கே தெரியும். 60 அடியில் கிளியர்வாட்டர் திணறத் தொடங்கும், ஹீலியோஸ் திணறாது. ரீகான் இவ்விரண்டுக்கும் சரிபாதியில் நிற்கவில்லை, ஹீலியோஸின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. எனவே இந்த மூன்றில் விலைக்குச் சரியான மதிப்பு ரீகானில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஹீலியோஸ் 3 வரிசையில் கைப்பிடிக்கு மேலே வந்த அகலமான வெள்ளைப் பட்டை பலருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் குறையில்லை. ஆனால் பெயர் தெரியாமல் கோல்களை ஒப்பிட விரும்புபவர்கள் அதன்மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றிவிட்டு வீசிப் பார்ப்பது நல்லது. பெயரை மறைத்துவிட்டு வீசினால் நம் மதிப்பீடுகள் எவ்வளவு மாறுகின்றன என்பதைப் பார்த்த பிறகே நான் விளம்பரங்களைப் படிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சேஜ் நிறுவனத்தை 1980இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கிய டான் கிரீன், அதற்கு முன்பு ஃபென்விக் நிறுவனத்தில் இருந்தவர். 1973இல் கார்பன் இழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அந்த ஃபென்விக்தான். அந்தப் பின்னணி சேஜின் குணத்தில் இன்றும் தெரிகிறது: இழையின் வலிமையை எவ்வளவு தூரம் இழுத்துப் பார்க்கலாம் என்பதே அவர்களுடைய ஓயாத தேடல். காற்று கடுமையாக வீசும் திறந்த ஆறுகளிலும், கடற்கரையில் 8ஆம் எண் கோலோடு நிற்பவர்களுக்கும் சேஜ் கொடுக்கும் பலம் உண்மையானது. ஆனால் அதே விறைப்பு, சவுத் பிளாட்டின் சீஸ்மன் பள்ளத்தாக்கு போன்ற தெளிந்த நீரில் குறையாகிவிடுகிறது. அங்கே பூச்சியின் அளவு 20 முதல் 24வரை, அதாவது அரிசி மணியைவிடச் சிறியது. அதைக் கட்டும் 6எக்ஸ் இழையின் விட்டம் 0.127 மில்லிமீட்டர்தான். பெரிய மீன் ஒன்று திடீரெனத் தலையைத் திருப்பும்போது கோலின் நுனி உடனே வளைந்து கொடுக்கவில்லையென்றால் இழை அறுந்துவிடும். அண்மையில் வந்த ஆர்8 கோர் வரிசை, அதற்கு முந்தைய வரிசைகளைவிட அருகில் வீசும்போது இணக்கமாக இருக்கிறது. சேஜே இந்தத் திருத்தத்தைச் செய்திருப்பதால், விறைப்பை மட்டும் வளர்த்துக்கொண்டு போனது போதும் என்று அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காட், வின்ஸ்டன் ஆகிய இரண்டும் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவை. ஹாரி வில்சன் 1974இல் தொடங்கிய ஸ்காட் இப்போது கொலராடோவின் மான்ட்ரோஸில் இருக்கிறது. 1929இல் தொடங்கிய வின்ஸ்டன் 1976இல் மொன்டானாவின் ட்வின் பிரிட்ஜஸ் என்ற சிற்றூருக்குப் போய்விட்டது. ட்ரவுட் மீனுக்கென்றே ஒருவர் 1,000 டாலர் செலவிட உறுதி செய்துவிட்டால், நான் அவரை அனுப்பிவைப்பது இந்த இருவரிடம்தான். ஸ்காட் தன் கோலின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றுவதில்லை. சூளையில் இறுக்கிய நாடாவின் வரிகள் அப்படியே தெரியும், விரலால் தடவினால் மெல்லிய மேடுகள் தட்டுப்படும். தேய்க்கும்போது வெளிப்புற இழைகள் அறுபடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஸ்காட்டின் ஜி வரிசையில் துண்டுகளை இணைக்கும் முறையும் தனித்தன்மை உடையது: பெரும்பாலான கோல்களில் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் தொப்பிபோல் கவிழ்ந்து உட்காரும், ஜி வரிசையிலோ கீழ்த்துண்டிலிருந்து நீண்டிருக்கும் உள்ளீடற்ற குழாய், மேல்துண்டுக்குள் நுழைகிறது. அதனால் இணைப்பு இருக்கும் இடத்திலும் கோல் தடையின்றி வளைகிறது. செய்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் இந்த வேலைக்காகக் கூடுதல் விலை கேட்டால் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வின்ஸ்டனின் கரும்பச்சை நிறம் எங்கிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். கார்பனோடு போரான் இழையையும் சேர்த்து, அடிப்பகுதிக்கு வலுவும் நுனிக்கு மென்மையும் கொடுப்பது அவர்களுடைய வழி. சிறு பூச்சியை 25 அடியில் சத்தமில்லாமல் இறக்குவதில் அதன் 'ப்யூர்' வரிசைக்கு ஈடான கோலை நான் கையில் எடுத்ததில்லை. எதிர்க்காற்று எழுந்தால் அதே கோல் நம்மைக் காத்திருக்கச் சொல்லும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அடுத்ததாக ரஜெஃப் சகோதரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜி. லூமிஸ் நிறுவனத்தை கேரி லூமிஸ் 1982இல் தொடங்கினார். 1997இல் அது ஜப்பானின் ஷிமானோவுக்குக் கைமாறியது. அதன் ஃப்ளை கோல்களை நீண்ட காலம் வடிவமைத்தவர், வீச்சுப் போட்டிகளில் பலமுறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீவ் ரஜெஃப். அவருடைய தம்பி டிம் ரஜெஃப், தாமும் போட்டிகளில் பெயர் பெற்றவர், எக்கோ என்ற பெயரில் விலை குறைந்த கோல்களைக் கொண்டுவந்தார். அண்ணன் வடிவமைத்த ஆஸ்க்வித் 1,000 டாலருக்கு மேல்; தம்பியின் கோல்கள் பல அதில் நான்கில் ஒரு பங்கு விலையில் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் வீசிப் பார்த்தவருக்கு ஒன்று தெரியும்: வடிவமைப்பு அறிவு எக்கோவில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது, கோல் எங்கே வளைய வேண்டுமோ அங்கேதான் வளைகிறது. குறைந்திருப்பது இழையின் தரமும் துணைப்பொருள்களின் நேர்த்தியும் மட்டுமே. லூமிஸ் கையில் இல்லாததுபோல் இலேசாக இருக்கும். எக்கோவில் எடை தெரியும். கடலோர மீன்களுக்காக நாளெல்லாம் 70 அடி வீசுபவருக்கு லூமிஸ் கொடுக்கும் இலேசு அவசியம். வார இறுதியில் ஓடையோரம் நடப்பவருக்கு அந்த அவசியம் இல்லை.

டெக்சாஸின் டாலஸிலிருந்து இயங்கும் டெம்பிள் ஃபோர்க், கொரியாவில் கோல்களைச் செய்வித்து விற்கிறது. 2018இல் மறைந்த மூத்த வீச்சாளர் லெஃப்டி க்ரே பல ஆண்டுகள் அதன் கோல்களை உருவாக்கத் துணை நின்றார். எளியவர்களும் இந்தக் கலைக்குள் வர வேண்டும் என்ற அவருடைய எண்ணம் அந்த விலைகளில் தெரிகிறது. ரெடிங்டன் நிறுவனம் சேஜின் குழுமத்தைச் சேர்ந்தது. அதன் கிளாசிக் ட்ரவுட் என்ற கோல் 200 டாலரை ஒட்டிய விலையில் கிடைக்கும் மெதுவான கோல். விறைப்பை விற்கும் சந்தையில் இப்படி ஒரு மென்மையான கோலைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். புதிதாகக் கற்பவரின் கைக்கு, கோல் வளைவதும் நிமிர்வதும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதை இந்தக் கோல் சொல்லிக்கொடுப்பதுபோல் இந்த விலையில் வேறு எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. இங்கிலாந்தின் ஆன்விக் ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டியின் பெயருக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அது 2013 முதல் ப்யூர் ஃபிஷிங் என்ற அமெரிக்கக் குழுமத்தின் வசம் இருக்கிறது, கோல்கள் ஆசியாவில் தயாராகின்றன. பழைய ஹார்டி ரீல்களுக்காக நாம் வைத்திருக்கும் அன்பை இன்றைய கோலின் மதிப்பீட்டில் கலந்துவிடக் கூடாது.

வீசிப் பார்க்க முடியாத நிலையில் வாங்குபவர்கள் கண்ணாலும் விரலாலும் அறியக்கூடியவை சில உண்டு. முதலில் கைப்பிடியின் கார்க். கார்க் ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உரிக்க முடியும். நல்ல கார்க்குக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். எனவே மலிவான கோல்களில் கார்க்கின் குழிகளைத் தூளும் பசையும் கலந்து அடைத்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். புதிதாக இருக்கும்போது அது குறையற்றதாகத் தோன்றும். கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அடைத்த இடம் கடினமாகவும், நிறம் சற்று மங்கியும், ஓரம் கூர்மையாகவும் இருப்பது தெரியும். ஓரிரு பருவங்கள் நனைந்து உலர்ந்த பிறகு அந்த அடைப்புகள் உதிர்ந்து கைப்பிடி அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆகிவிடும். இது மலிவுக் கோல்களுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். 800 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய என் கோல் ஒன்றிலும், நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை, இரண்டாவது கோடைக்குள் கட்டைவிரல் படும் இடத்திலேயே அடைப்பு உதிர்ந்தது.

அடுத்து, துண்டுகளைச் செருகிப் பார்க்க வேண்டும். முழுவதும் உள்ளே போய் முட்டி நிற்கக் கூடாது; தேய்மானத்துக்காக ஒரு சிறு இடைவெளி விட்டுத்தான் நல்ல நிறுவனங்கள் செய்கின்றன. பிரிக்கும்போது புட்டியின் கார்க் திறப்பதுபோல் ஒரு மெல்லிய ஒலி வர வேண்டும். ஒலி வராமல் வழுக்கிக்கொண்டு வந்தால் இணைப்பு தளர்வானது. வீசும்போது துண்டு சுழன்று, லைன் ஓடும் வளையங்கள் கோணலாகும், பெரிய மீன் வந்தால் அந்த இடத்தில்தான் உடையும். பிறகு கோலைக் கண்ணருகே பிடித்து நுனியை நோக்கிப் பார்த்தால் வளையங்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வளையங்களின் பாதத்தைக் கட்டிய நூலின்மேல் பூசிய பிசினில் குமிழிகள் இருக்கக் கூடாது. இந்தச் சோதனைகளில் 250 டாலர் கோல்கள் பல இப்போது நன்றாகவே தேறிவிடுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. கீழ்த்தட்டுக் கோல்கள் உயர்ந்த அளவுக்கு மேல்தட்டுக் கோல்கள் உயரவில்லை என்பதே இந்தத் துறையின் அண்மைக்கால வரலாறு.

உத்தரவாதத்தைப் பற்றிப் பேசாமல் விலையைப் பேச முடியாது. 1989இல் ஆர்விஸ் 25 ஆண்டு உத்தரவாதம் அறிவித்தது. எப்படி உடைந்தாலும் சரிசெய்து தருவதாக அது சொன்னபோது, போட்டியில் நிற்க விரும்பிய மற்ற நிறுவனங்களும் வாழ்நாள் உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. கார் கதவில் நசுங்கிய கோலையும் மாற்றித் தருகிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், அடுத்தவர் கதவில் நசுக்கிய கோலுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம். போதாததற்கு, பழுது பார்க்க அனுப்பும்போது பெரும்பாலான நிறுவனங்கள் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. கோல் உடைவதற்கான காரணங்களோ பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை: டங்ஸ்டன் மணி கோத்த பூச்சி வீசும்போது கோலில் அடித்து ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல், மீனைக் கைக்கு இழுக்கும்போது கோலைத் தலைக்கு மேலே செங்குத்தாக நிமிர்த்துவது, தளர்ந்த இணைப்பைக் கவனிக்காமல் விடுவது. கவனமாகப் பயன்படுத்துபவருக்கு இந்த உத்தரவாதம் நட்டம். குழந்தைகளோடும் நாயோடும் வண்டியில் பயணம் செய்பவருக்கு அது நிச்சயம் லாபம். அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவருக்கு அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து அது ஏறத்தாழப் பயனற்றது.

தமிழ் வாசகர்களில் நீலகிரியைச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் காலத்தில் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைத்து விடப்பட்ட ட்ரவுட் மீன்கள் அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் இன்றும் இருக்கின்றன. இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளிலும் அப்படியே. அனுமதி விதிகளை விசாரித்துக்கொண்டு அங்கே போகிறவருக்கு 9 அடிக் கோல் தொல்லைதான்; சோலை மரங்களும் புதர்களும் நெருங்கிய ஓடையில் பின்வீச்சுக்கு இடமே இராது. ஏழரை அடி, 3 அல்லது 4ஆம் எண், மெதுவான கோல் போதும். அந்த அளவில் 1,000 டாலர் கோலின் பலங்கள் எதுவும் வெளிப்பட வாய்ப்பே இல்லை.

ஆக, 400 டாலர் வைத்திருப்பவர் அதை முழுவதும் கோலில் போடாமல், கிளியர்வாட்டரோ எக்கோவோ ரெடிங்டனோ வாங்கிக்கொண்டு, மீதியில் நல்ல லைனும் ஓரிரு மணிநேர வீச்சுப் பயிற்சியும் பெறலாம்; ரீல் ட்ரவுட்டுக்கு லைன் சுற்றிவைக்கும் பெட்டி மட்டுமே, அதில் மிச்சம் பிடித்தால் தவறில்லை. ஏற்கெனவே 50 அடி தடுமாறாமல் வீசுபவர், ரீகான் அளவிலான கோலில் உண்மையான முன்னேற்றத்தை உணர்வார். ஸ்காட்டும் வின்ஸ்டனும் வாங்க நினைப்பவர் கடைக்குத் தம் சொந்த லைனை எடுத்துச் சென்று, கார் நிறுத்துமிடத்தில் 70 அடி வீசிக் காட்டும் விற்பனையாளரின் கையைப் பார்க்காமல், 25 அடியிலும் 35 அடியிலும் தாமே வீசிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல மதிப்பு பழைய கோல்களில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் மேல்தட்டில் இருந்த சேஜ் இசட்-ஆக்சிஸ், பழைய வின்ஸ்டன், பழைய ஸ்காட் ஆகியவை இன்றைய நடுத்தரக் கோலின் விலைக்குள் கைமாறுகின்றன; 35 அடியில் அவை எந்தப் புதுக் கோலுக்கும் இளைத்தவை அல்ல. உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே உரியது என்பதால், பணம் கொடுக்குமுன் நான்கு துண்டுகளின் நீளமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, நுனித் துண்டு பின்னாளில் மாற்றப்பட்டதா என்று பார்த்து, இணைப்புகளைச் சுற்றிலும் வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடி, ஒருமுறையாவது லைன் போட்டு வீசிப் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்கு இடம் கொடுக்கவில்லையென்றால் அந்தக் கோலை விட்டுவிடலாம். அதே வரிசைக் கோல் வேறொருவரிடம் விற்பனைக்கு வரும்.